குப்பா மேல ஹாஜியார் வீடு

போர்வையை இழுத்துக்கடா வாப்பா. ம் சொல்லணும், இல்லாட்டி நான் பாட்டுக்குச் சுவத்துக்குக் கதை சொல்லிக்கிட்டிருப்பேன். இது உங்க பெரியவாப்பா கப்பல்ல சமையலுக்குப் போனப்போ கேட்டுட்டு வந்த கதை. அவர் மாதிரி சொல்ல எனக்கு வராது.

ஒரு ஊர்ல, துருக்கி சுல்தான் காலத்துல, நடுக் கடைத்தெருவுல ஒரு பெரிய பள்ளிவாசல். அதோட குப்பா, அதான் அந்த உருண்டைக் கூரை, அது மேல ஒரு செங்கால் நாரை கூடு கட்டியிருந்துச்சு. குளிர் வந்தா தெக்க பறந்துடும். மக்காவுக்குத்தான் போகுதுன்னு சனங்க நம்பிக்கை. அதனால ஊரே அதை ஹாஜியார்னு கூப்பிடும். ம்?

அந்தப் பள்ளியில பாங்கு சொல்ற மோதினார் யாகூபும் ஒரு வருசம் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். பொஞ்சாதி குல்சூம்கிட்ட, "நானும் நாரையும் வர்ற வரைக்கும் ஹாஜியார் வீட்டைப் பாத்துக்க"ன்னார். அப்புறம் நாரையும் படபடன்னு பறந்துருச்சு.

அப்போ பிடிச்சுது மழை. கூட்டுப் பக்கமா பள்ளிக்குள்ள சொட்டு சொட்டுன்னு ஒழுகல். கூட்டைப் பிச்சுட்டு ஈயத் தகடு அடிக்க ஒருத்தன் ஏணியோட வந்தான். குல்சூம் ஏணியோட கீழ்ப்படியில உக்காந்துட்டா. அவன் போயிட்டான். அப்புறம் கடைத்தெருப் பெரிய மனுசர் வந்தார். "தொழுறவங்க தலையில சொட்டுதும்மா."

"கொஞ்சம் தள்ளி நின்னு தொழுங்க காக்கா"ன்னு அண்ணன் முறை வச்சுச் சொன்னா குல்சூம்.

அவரும் போயிட்டார். அப்புறம் டக் டக் டக்னு குதிரை. ஊரை ஆளுற பாஷாவே வந்துட்டார்.

"பறவைக்கு ஏதும்மா ஹஜ்ஜு?"

"ஹாஜியார்னு நான் ஒருத்தியா கூப்பிட்டேன்? ஹஜ்ஜுக்குப் போனவர் வீட்டை, அவர் திரும்புறதுக்குள்ள இடிப்பீங்களா?"

பாஷாவோட உம்மாவும் அப்போ ஹஜ்ஜுக்குத்தான் போயிருந்தாங்க. அவர் ஏணிக்காரனைக் கூப்பிட்டார். "கூட்டை விட்டுட்டுச் சுத்தித் தகடு அடிங்க"ன்னுட்டு குதிரையைத் திருப்பிட்டார். ம்?

குளிர் போச்சு. ஒரு நாள் குப்பா மேல டகடகடகன்னு அலகுச் சத்தம். நாரை வந்துருச்சு. அப்புறம் ஹாஜிமார் கூட்டமும் வந்துச்சு.

யாகூப் வரலை, கண்ணு. வழியிலேயே மவுத்தாயிட்டார்.

குல்சூம் அழுதா. நல்லா அழுதா. அப்புறம் எந்திரிச்சு அடுப்பைப் பத்தவச்சா. "ஹாஜியார் திரும்பி வந்திருக்கார். விருந்து வைக்காம இருக்கலாமா?"ன்னு பெரிய சட்டி நிறைய நெய்ச்சோறு ஆக்கினா.

என்ன? நாரை நெய்ச்சோறு திங்குமாவா? திங்காதுடா. கடைத்தெருவே உக்காந்து தின்னுச்சு. அவளையும் நடுவுல உக்காரவச்சு, ஊட்டாத குறையா தின்ன வச்சுது.

கதை கூட்டுக்குப் போச்சு. நீயும் கண்ணை மூடு.