ஒரு சாண் மேலே போன வாள்

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம். கீழே தாலி கட்டுவார்கள், மாடியில் பந்தி போடுவார்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அந்தப் பந்திக் கூடத்திலிருந்து வாள் சத்தம் கேட்கும்.

அந்தக் காலத்து வாள்வீச்சைப் பழைய புத்தகங்களில் இருக்கிற படங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் பழகுகிற கூட்டம் அது. கூர் மழுக்கிய இரும்பு வாள், முகத்துக்குக் கம்பிவலை, மேலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி. கற்றுக்கொடுத்தவர் கோமளவல்லி என்கிற பெண்மணி. ஆனால் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் மாஸ்டர்தான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நடுவர் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாள் யார் மேல் பட்டதோ அவரே இடது கையைத் தூக்கி, "பட்டது" என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த மார்கழி முழுக்க ஏகாம்பரம் வாய் திறந்து பேசியதே அந்த ஒரு சொல்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏகாம்பரத்துக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கொலுசுப் பட்டறையில் சலங்கை பற்றவைக்கிற வேலை. குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை, பக்கத்து ஆள் முகம்கூடத் தெரியாது. வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும், எல்லாம் அவனேதான்.

முன்பு அப்படி இல்லை. ஜெபராஜ் இருந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். கூடத்தில் ஏகாம்பரத்துக்கு அவன்தான் இணை. கூடத்தில் பழகியது போதாதென்று ஏகாம்பரம் வீட்டு மொட்டை மாடியிலும் இருவரும் மோதுவார்கள். ஏகாம்பரம் ஓர் அடி அடித்தால் போதும், "ஏண்டா, இது வெட்டா, இல்ல முதுகு சொறியறியா?" என்று ஜெபராஜ் கேட்பான். கேட்டுவிட்டு இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்துத்தான் அடுத்த வீச்சு.

சித்திரையில் ஜெபராஜ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் வந்தது. அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால்கூடச் சமாதானம் பேசலாம்.

தை மாதம் சென்னையில் போட்டி. கூடத்திலிருந்து நாலு பேர் போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது ஆள் ஏகாம்பரமா பூங்கோதையா என்பது வரும் ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். இருவரும் மோத வேண்டும். முதலில் மூன்று அடி அடித்தவர் போகலாம்.

போக முடியாவிட்டால் வாளைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவது என்று ஏகாம்பரம் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான். அந்தக் கூடமும் போய்விட்டால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வேறு கிடையாது. அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

பூங்கோதை மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். ஆள் குள்ளம், வாய் நீளம். ஆடியிலிருந்து மாஸ்டர் அவளைத்தான் அவனுக்கு இணையாகப் போட்டிருந்தார்.

புதன்கிழமைப் பயிற்சியில் ஏகாம்பரம் குறுக்காக வீசிய வாள் அவள் தலைக்கு மேலே காற்றை அறுத்துக்கொண்டு போனது. அவள் வாள்முனை அவன் நெஞ்சில் வந்து நின்றது.

"பட்டது."

"ஏண்ணா, என் தலைக்கு மேல கொசு கிசு பறக்குதா? அதைத்தானே அடிக்கிறீங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் கம்பிவலையைக் கழற்றவில்லை.

எல்லோரும் போன பிறகு அவன் மாஸ்டரிடம் வந்தான்.

"மாஸ்டர், என் கையில என்ன தப்பு?"

"வீசிக் காட்டு."

வீசினான். மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார்.

"கையில தப்பு இல்லையே."

"அப்ப கால்லயா?"

"காலும் சரியாத்தான் இருக்கு. வீட்ல பழகுறியா?"

"தினமும் காலையில. மொட்டை மாடியில."

"யாரோட?"

"தனியாத்தான் மாஸ்டர்."

"நாளைக்கு வர்றேன்."

சொன்னபடி காலையில் வந்துவிட்டார். மாடியில் துணி காயப்போடுகிற கொடி கட்டியிருந்தது. அதில் ஒரு சட்டையும் ஒரு துண்டும் தொங்கின. மாஸ்டர் அவற்றை எடுத்துச் சுவர் மேல் போட்டுவிட்டுக் கொடியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தலைக்கு ஒரு வெட்டு. எங்க நிறுத்துவியோ அங்க நிறுத்து."

ஏகாம்பரம் வீசி நிறுத்தினான். வாள் நின்ற உயரத்துக்குச் சரியாக மாஸ்டர் கொடியைக் கட்டினார்.

"இன்னொண்ணு."

வாள் கொடியை உரசியபடி வந்து நின்றது.

"இன்னொண்ணு."

அதே இடம். எத்தனை தடவை வீசினாலும் அதே இடம். மாஸ்டருக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"சரி. இப்ப நீ போய் அதுக்குக் கீழ நில்லு."

நின்றான். கொடி அவன் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"உன் தலை இல்லை. பூங்கோதை தலைன்னு சொல்லவே வேண்டாம், அவ ஸ்டூல் போட்டு ஏறணும். இது யார் தலை?"

ஏகாம்பரம் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றான். கீழே தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"ஜெபா," என்றான்.

"ம். இன்னொண்ணும் பார்த்தேன். வெட்டினதும் சட்டுனு பின்னால வரணும்ல? நீ நின்னுடறே. கொஞ்ச நேரம்தான், ஆனா நிக்கிறே. ஏன்?"

அவனுக்கே தெரியாமல் நின்றிருக்கிறான். யோசித்துப் பார்த்தான். யோசிக்க யோசிக்க முகம் ஒரு மாதிரி ஆனது.

"அடிச்சதும் அவன் ஏதாவது சொல்லுவான் மாஸ்டர்."

மாஸ்டர் கொடியை அவிழ்த்துப் பழைய இடத்தில் கட்டினார். சட்டையையும் துண்டையும் திரும்பப் போட்டார்.

"அவனை எப்படி மாஸ்டர் இங்கேருந்து அனுப்புறது?"

"நீ நிக்க வச்ச ஆளு. என்னைக் கேட்டா? போய்க் கொஞ்சம் தண்ணி கொண்டா, மாடி ஏறி மூச்சு வாங்குது."

ஞாயிற்றுக்கிழமை பந்திக் கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். கழுவியும் சாம்பார் வாசம் போகவில்லை. இருவரும் வாளைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு நின்றார்கள்.

ஏகாம்பரம் வாளைத் தாழ்த்தி வீசினான். பூங்கோதையின் கம்பிவலையில் டங்கென்று விழுந்தது.

"பட்டது! ஐயோ, கொசு செத்துப் போச்சாண்ணா?"

மறுபடியும் அவனே அடித்தான். அவளும் சும்மா இல்லை, தோளில் ஒன்று, தொடையில் ஒன்று வைத்தாள். ஆளுக்கு இரண்டு. இன்னும் ஒன்றுதான்.

அவன் வெட்டினான். அவள் கம்பிவலையின் பக்கவாட்டில் அழகாக விழுந்தது. விழுந்ததும் நின்றான். அந்த நேரத்துக்குள் அவள் வாள்முனை அவன் நெஞ்சைத் தொட்டது. இருவரும் கையைத் தூக்கினார்கள்.

"ரெண்டு பேரும் செத்தாச்சு. செல்லாது," என்றார் மாஸ்டர். "மறுபடி."

மறுபடி வெட்டினான். அவள் குனிந்துகொண்டாள். அவன் மறுபடியும் நின்றான். நிற்கக் கூடாதென்று தெரியும், ஆனாலும் காது எதற்கோ காத்திருந்தது. கேட்டதென்னவோ அவள் வாள் அங்கியில் வந்து குத்திய சத்தம்தான்.

ஏகாம்பரம் இடது கையைத் தூக்கினான்.

"பட்டது."

எல்லோரும் பூங்கோதையைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அதுக்கு முந்தின வெட்டு செம வெட்டுண்ணா. மண்டை இன்னும் கிண்ணுனு இருக்கு. ஏன் நின்னீங்க?"

அவன் அங்கியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்குண்ணா வருவீங்க?"

அவன் அடுத்த முடிச்சுக்குப் போனான். அவள் அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கூடம் காலியானது. ஏகாம்பரம் வாளைத் துடைத்து, உறையில் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாஸ்டர் முன்னால் வந்து நின்றான்.

"இதை வச்சுக்குங்க மாஸ்டர். புதுசா யாராவது வந்தா குடுங்க."

மாஸ்டர் வாங்கவில்லை.

"தோத்துட்டேன்னா?"

"ஜெயிச்சிருந்தாலும் இதுதான் மாஸ்டர். இல்லாத ஆளோட எத்தனை நாளைக்குத்தான் மோதுறது? எனக்கு எதிர்ல யாரும் இல்லை."

மாஸ்டர் கீழே கிடந்த பாய்களைச் சுருட்டத் தொடங்கினார்.

"பூங்கோதை வீடு எங்க?"

"தெரியலை மாஸ்டர்."

"வீட்ல யார் யார்?"

"கேட்டதில்லை."

"ஆடியிலேர்ந்து உன்கூடத்தானே பழகுறா?"

"ஆமா மாஸ்டர்."

மாஸ்டர் ஒரு பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தார். இன்னொன்றைச் சுருட்டினார்.

"வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன்ல? வெள்ளிக்கிழமை அவ வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் மொட்டை மாடிதான். அவளும் தனியாத்தான் வீசிக்கிட்டிருந்தா. ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன்."

ஏகாம்பரத்தின் கையில் வாள் அப்படியே இருந்தது.

"அங்க யார் மாஸ்டர் எதிர்ல நிக்கிறது?"

"நீ," என்றார் மாஸ்டர்.