மூச்சை அடக்கிய மான்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டமொன்று வாழ்ந்து வந்தது. கோடையில் ஓடை வற்றியதும் அக்கூட்டம் ஆற்றங்கரையை நோக்கிப் புறப்படும். வழியெல்லாம் புலியும் செந்நாயும் உலவும். ஆகவே மோப்பத் தேர்வில் தேறிய இளம் மான்களே கூட்டத்தின் ஓரத்தில் காவலாக நடக்கும். தேறாதவை குட்டிகளோடு நடுவில் நடக்க வேண்டும்.

துவரி என்ற இளம் மான், ஓரத்தில் நடக்கும் நாளை எண்ணி எண்ணிக் காத்திருந்தது. அதன் தோழி தும்பை தேர்வு நாள் காலையிலேயே தேறிவிட்டது. "நீயும் தேறிவிடு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடப்போம்" என்று சொல்லியும் வைத்திருந்தது.

துவரி அறியாத மணமில்லை. குளக்கரையில் கண்ணை மூடிக்கொண்டு, "இது முள்ளம்பன்றி, இது கீரி, இது நேற்று வந்துபோன நரி" என்று மளமளவென்று அடுக்கும்.

ஆனால் அன்று அதற்கு ஒரு வாய்ப் புல் இறங்கவில்லை. ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை. தேர்வு நடக்கும் பாறைக்கும் ஓடைக்குமாக நடந்துகொண்டே இருந்தது.

அத்திமரத்தின் மேலிருந்து கருமூஞ்சி என்னும் குரங்கு குரல் கொடுத்தது. வம்பு பேசாவிட்டால் அதற்குப் பொழுது போகாது.

"துவரி, சேதி தெரியுமா? இந்த ஆண்டு வைத்திருக்கும் மணங்கள் எந்த விலங்கும் அறியாதவையாம்!"

"யார் சொன்னார்கள்?"

"யார் சொன்னால் என்ன? போன ஆண்டு ஒரு மான் பாறைமேலேயே மயங்கி விழுந்தது. உன் கால்களைப் பார்த்தால், நீ பாறைவரை போய்ச் சேர்வதே பெரிய காரியம் போலிருக்கிறதே!"

துவரி குனிந்து பார்த்தது. கால்கள் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. 'ஐயோ, இதை எல்லோரும் பார்த்துவிடுவார்களே!' என்று பதறி, மூச்சை உள்ளே இறுக்கிப் பிடித்தது. நடுக்கம் சற்று அடங்கியது. அதுவே நல்ல வழியென்று துவரி முடிவு செய்துகொண்டது.

"துவரி, வா!" என்று அழைத்தது, தேர்வு நடத்தும் கவைக்கொம்பன் என்ற ஆண்மான்.

பாறைமேல் மூன்று இலைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு விலங்கின் தடத்தில் தேய்த்து எடுத்தது. இரண்டையேனும் சரியாகச் சொன்னால்தான் தேர்ச்சி.

துவரி கண்ணை மூடி, முதல் இலையில் மூக்கை வைத்தது. ஒன்றும் வரவில்லை. உலகத்து மணமெல்லாம் ஒரே நொடியில் ஓடி ஒளிந்துகொண்டது போலிருந்தது.

"ந... நரி" என்று உளறியது.

"தவறு. அடுத்த இலை."

"நான் அப்போதே சொல்லவில்லையா!" என்று கிளையைக் குலுக்கிச் சிரித்தது கருமூஞ்சி.

பின்னால் நின்ற தும்பைக்குப் பொறுக்கவில்லை. "அடியே, உன் விலா அசையவே இல்லையே! மூச்சு விடுகிறாயா, இல்லையா?"

"விட்டால் நான் நடுங்குவது தெரிந்துவிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது துவரி.

"தெரிந்தால் தெரியட்டும்! மூச்சை அடைத்துவிட்டு, வாலாலா மோந்து பார்க்கப் போகிறாய்?"

துவரிக்குச் சுருக்கென்றது. அடக்கி வைத்திருந்த மூச்சை அப்படியே வெளியே விட்டது. உடனே கால்கள் வெடவெடவென்று ஆடின. ஒரு குட்டி களுக்கென்று சிரித்தது. துவரி கால்களை ஆடவிட்டது. பிறகு மெல்ல மூச்சை இழுத்தது, விட்டது, மறுபடியும் இழுத்தது.

முதலில் பாறையின் ஈரப் பாசி மணந்தது. அடுத்து மூங்கில் தழை. பின்னர் இரண்டாம் இலையிலிருந்து ஒரு முரட்டு வாடை எழுந்து வந்தது.

"காட்டுப்பன்றி! சேற்றில் புரண்டு வந்தது."

"சரி. கடைசி இலை."

துவரி அதையும் நிதானமாக மோந்தது. "கரடி, ஐயா. ஆனால் அதற்குமேல் இன்னொரு வாடையும் இருக்கிறதே. அத்திப்பழச் சாறு... குரங்கின் கை. இந்த இலையைக் கருமூஞ்சி எடுத்துப் பார்த்திருக்கிறது!"

கவைக்கொம்பன் இலையை மோந்து தலையசைத்தது. எல்லா மான்களும் அண்ணாந்து பார்த்தன. கருமூஞ்சி, பழச்சாறு வழிந்த கையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

"ஓகோ! திருட்டுத்தனமாக மோந்து பார்த்தும் உனக்கு விளங்கவில்லை. அதனால்தான் எந்த விலங்கும் அறியாத மணம் என்று கதை கட்டினாயோ?" என்றது கவைக்கொம்பன்.

கருமூஞ்சி அடுத்த மரத்துக்குத் தாவியது.

அந்தக் கோடையில் துவரியும் தும்பையும் கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்தே நடந்தன. புதர் சலசலத்தபோதெல்லாம் துவரியின் கால்கள் நடுங்கத்தான் செய்தன. மூக்கு மட்டும் காற்றை விட்டு அகலவில்லை.

நீதி: நடுக்கம் கற்றதை அழித்துவிடாது, அதை மறைக்கும் பதற்றமே கற்றதற்கு வழியடைக்கும். தேர்வில் முதலில் நிதானமாக மூச்சு விடுங்கள்.