விழா நாளில் பெய்த மழை

கரிசல் காட்டின் நடுவே இருந்த அந்த வறட்சி ஆராய்ச்சி நிலையத்தில், விஞ்ஞானி எஸ்தரின் பணி ஓய்வுக்குப் பாராட்டு விழா. ஏற்பாடெல்லாம் அவருடைய மாணவர் பூவலிங்கம். நிலையத்தின் புதிய தலைவரும் அவர்தான். ஆசிரியைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று இரண்டு நாளாகப் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தார்.

விடியற்காலையில் மழை பெய்தது. ஆயுள் முழுக்க வறட்சியை ஆராய்ந்தவருக்கு விழா என்றதும் வானத்துக்குக் குறும்பு வந்துவிட்டது போலும்.

எஸ்தர் சீக்கிரமே வந்துவிட்டார். பூவலிங்கம் ஓடிவந்து கேட்டார்.

“மேடம், மேடையில உங்களைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா எதைச் சொல்லட்டும்?”

“நீ எதை வச்சிருக்க?”

“நம்ம மழைப் பதிவைத்தான். நீங்க வந்ததுலேருந்து ஒரு நாள்கூட விட்டுப்போகலையே. உங்க கல்யாணத்தன்னிக்கும் நீங்களே வந்து அளந்தீங்களாமே?”

“சர்ச்சுக்குப் போற வழிதானப்பா. சரி, இன்னிக்கு அளந்தாச்சா?”

விழா வேலையில் பூவலிங்கம் அதை மறந்தே போயிருந்தார். இருவரும் மழைமானியிடம் போனார்கள்.

விழாவுக்குப் போட்ட சாமியானாவின் ஓரம் மழைமானிக்கு நேர் மேலே நின்றது. துணியில் தேங்கிய மழையெல்லாம் அதற்குள்தான் வடிந்திருந்தது. மானி நிரம்பி வழிந்தது.

“சாமியானாவை இங்க வரைக்கும் இழுத்துக் கட்டச் சொன்னது யாரு?”

“நான்தான் மேடம். ஊர்க்காரங்க வெயில்ல உக்காரக் கூடாதேன்னு. மழை வரும்னு நினைக்கல.”

“வரவே வராதுன்னா இதை எதுக்கு நட்டு வச்சோம்?”

பூவலிங்கத்துக்கு அப்போதுதான் முழுதும் உறைத்தது. இந்த மானியின் கணக்கை வைத்துத்தான் தாலுகாவுக்கு வறட்சி நிவாரணம் உண்டா இல்லையா என்று முடிவாகும். இந்த அளவை எழுதினால் நிவாரணம் போச்சு. பயிர் கருகியவர்கள் மாலையோடு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

“மேடம், சைபர்னு போட்டுரட்டுமா? அவங்களுக்கும் நல்லது, பதிவும் அறுபடாது.”

“மழை பெஞ்சுதே.”

“அப்ப ஒரு குத்துமதிப்பா...”

எஸ்தர் மானியிடம் குனிந்தார். மானியைத் திறந்து, உள்ளிருந்த தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினார். கரிசல் மண் அதை உடனே குடித்துவிட்டது.

“மேடம்! இத்தனை வருஷப் பதிவு!”

“இன்னிக்கு அளக்கலைன்னு எழுது. மேல உள்ளவங்க பக்கத்து ஊர் மானியைப் பாத்துக்குவாங்க. அந்த அளவாவது உண்மையா இருக்கும்.”

“உங்களுக்குப் பெருமை சேக்கிறேன்னு நானே பதிவை அறுத்துட்டேனே.”

பூவலிங்கத்தின் கண்கள் கலங்கிவிட்டன. எஸ்தருக்கும் வருத்தம்தான். காலியான மானியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாமியானாக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பூவலிங்கமும் மறுமுனையைப் பிடித்தார்.

“அளக்காததுக்குக் காரணம் கேப்பாங்க மேடம். என்னன்னு எழுத?”

“உள்ளதை எழுது. எனக்குப் பாராட்டு விழான்னு.”

பூவலிங்கம் தலைகுனிந்தார்.

“மேடையில என்ன சொல்லன்னு கேட்டியே,” என்றார் எஸ்தர். “அங்கேயும் இதையே சொல்லு.”