இரும்புக்கு உரைகல்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் நம்பவில்லை. சந்தேகப்படுவது, யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்ட வேலை.

சொன்னவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. தூத்துக்குடியில் நகைக்கடை வைத்திருந்தவர். தேசதேசத்துப் பழங்கத்திகளை வாங்கிச் சேர்ப்பதில் பித்து.

ஒருநாள் அவர் ஜைனம்புவிடம் போனார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் வாளும் கத்தியும் விற்பவர் ஜைனம்பு. அண்ணாச்சியைவிட இருபது வயது இளையவர். அந்தக் கடற்கரையில் அவர் அசல் என்றால் அசல், போலி என்றால் போலி.

"தங்கத்துக்கு உரைகல் இருக்கும்மா. இரும்புக்கு என்ன இருக்கு?"

"ஏன் அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"ஏமன் நாட்டுக் கத்தின்னு ஒண்ணு வாங்கினேன். போன வருஷம் செஞ்சதாம். ஜப்பான் கத்தியும் அப்படித்தான். நேபாளத்துக் குக்ரியை உறையிலேருந்து உருவினா, பிடி மட்டும் கையோட வருது."

ஜைனம்பு சிரித்தார்.

"சிரிக்காதம்மா. மச்சினன்மாரு என்னைப் பழைய இரும்புன்னு கூப்பிடுதானுவ. சிஷ்யனா சேத்துக்கோ."

சேர்த்துக்கொண்டார்.

பாடம் என்று ஒன்றும் நடக்கவில்லை. கத்திகளை எடுத்துப் பார்க்கச் சொல்வார். அண்ணாச்சி வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொண்டு பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும் என்று படித்திருந்தார்.

"என்ன தெரியுது?"

"துரு தெரியுது."

"நாளைக்குப் பாருங்க."

நாளைக்கும் துருதான் தெரிந்தது.

ஒரு வைகாசியில், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கிட்டங்கிக்கு வந்தார். ஒரு கையில் ஜைனம்புவுக்கென்று பலாப்பழம். இன்னொரு கையில் சாக்கில் சுற்றிய ஒரு மலாய்க் கத்தி. பாராங் என்பார்கள், காட்டில் வழி வெட்டுவது. எருமைக்கொம்புப் பிடி.

"சாயங்கால ரயிலுக்கு ஊருக்குப் போகணும். வேணுமா, வேண்டாமா?"

அண்ணாச்சி ஜைனம்பு பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அசலா?"

"சிஷ்யரு நீங்க சொல்லுங்க."

"இதுவும் போலின்னா, வீட்டில இருக்கிற அம்புட்டையும் காயலான் கடையில போட்டுருவேன். இனிமே கத்திப் பேச்சே எடுக்க மாட்டேன். சத்தியம்."

ஜைனம்பு தேங்காயெண்ணெய் எடுத்தார். பாராங்கின் மேல் தாராளமாக ஊற்றித் தடவினார். அண்ணாச்சிக்கு உயிரே போயிற்று. ஜைனம்பு கத்தியை அவர் முன்னால் தரையில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்.

"எடுத்து வெட்டுங்க."

"எதை?"

"பலாவைத்தான். என்னையா வெட்டச் சொன்னேன்?"

"எம்மா, இது நூறு வருஷத்துக் கத்தியா இருந்தா?"

"நூறு வருஷமும் சும்மாவா கிடந்திருக்கும்?"

அண்ணாச்சி கத்தியை எடுத்தார்.

"கையில எண்ணெய் தடவிக்கோங்க."

"கையுறை இருக்குல்லா."

வெட்டினார். கத்தி பாதியில் நின்றது. பழத்தைப் பிடித்த இடக்கை உறை பிசினில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரிக்கப் போன வலக்கை உறை இடக்கை உறையோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணாச்சிக்கு விலங்கு போட்டாச்சு" என்றார் கப்பல்காரர்.

ஜைனம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைகளை மட்டும் உருவிக்கொண்டார். உறைகள் இரண்டும் பலாப்பழத்தைக் கும்பிட்டபடி நின்றன.

வெறுங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பாராங்கைப் பிடித்தார்.

சிரிப்பு நின்றது.

பிடி கையில் உட்காரவில்லை. ஏதோ இடறியது. தள்ளிப் பிடித்தார். இன்னும் இடறியது. இடக்கைக்கு மாற்றினார்.

பெருவிரல் தானாகப் போய் ஒரு பள்ளத்தில் விழுந்தது. பூதக்கண்ணாடிக்குத் தெரியாத பள்ளம். கொம்பு அங்கே மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"இவன் இடக்கைக்காரன்!" என்று கத்தினார்.

"யாரு?" என்றார் கப்பல்காரர்.

"யாருக்குத் தெரியும்! இடக்கைக்காரன்!"

இடக்கையாலேயே ஓங்கிப் போட்டார். பழம் பிளந்தது.

ரயில் நேரம் வரைக்கும் மூன்று பேரும் தின்றார்கள்.

வாயில் சுளையோடு ஜைனம்பு கேட்டார்: "என்ன சிஷ்யரே, அசலா?"

"சும்மா இரும்மா. கொட்டையை அந்தப் பக்கம் போடு."

கப்பல்காரர் கேட்ட விலையைக் கொடுத்து, பாராங்கை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்.

கதை இவ்வளவுதான்.

கொம்பில் ஒரு பள்ளம் செதுக்குவது போலிக்காரனுக்குப் பெரிய காரியமா? அசல் என்று ஜைனம்பு கடைசிவரை சொல்லவில்லையே? அவர் சொல்லாததை அண்ணாச்சி எப்படி ஏற்றுக்கொண்டார்? ஒருவேளை, ஏமாந்ததை மறைக்க இப்படி ஒரு கதை கட்டினாரோ? அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் முகம் வாடிவிடுமோ என்று பயம். வாடாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம்.

போன மாதம், கேட்டே விடுவது என்று கிளம்பினேன். பஸ்ஸில் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனேன்.

அண்ணாச்சி கதவைத் திறந்தார். இடக்கையில் பாராங். முழங்கை வரைக்கும் எண்ணெய் வழிந்தது. உள்ளே மச்சினன்மார்கள் எதற்கோ கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்கப் பலாவாசனை.

"வாடே, வா. என்னமோ முக்கியமா கேக்கணும்னு போன்ல சொன்னியே?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "எனக்கும் ஒரு சுளை இருக்கா?"