நடுவில் இருந்த ஐந்தாவது

ஒரு கணினிச் சிப்புக்குள் ஒன்பது கோர்கள் குடியிருந்தன. வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. கணக்குப் போடுவதுதான் அவற்றின் பிழைப்பு.

அந்தச் சிப்பைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் தேவசகாயம் அதைத் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே ஆய்வாளர் மெஹருன்னிசா, மலையில் பெய்யும் மழையால் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் நிரலை எழுதிக்கொண்டிருந்தார். கணக்கை ஒன்பது சம பங்காகப் பிரித்துக் கோர்களுக்குக் கொடுத்தார். ஒன்பது விடையும் வந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

எட்டு கோர்கள் சட்டென்று முடித்தன. நட்டநடுவில் இருந்த ஐந்தாவது மட்டும் திணறியது.

"உன்னால எல்லாரும் சும்மா நிக்கிறோம்," என்றது அதற்கு மேலே இருந்த இரண்டாவது.

"இதோ, இன்னும் கொஞ்சந்தான்," என்றது ஐந்தாவது. கொஞ்சம் என்பது வெகுநேரம் ஆயிற்று.

வெளியே தேவசகாயம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், அஞ்சாவதை அணைச்சிருவோம். இனி வர்ற சிப்புல எல்லாம் எட்டு கோர் போதும். நாளைக்கு நான் கம்பெனிக்குப் பதில் சொல்லியாகணும்."

"ஏன் மெதுவாப் போகுதுன்னே தெரியாம எப்படி சார் அணைக்கிறது? இன்னைக்கு ஒரு நாள் பார்க்கிறேனே."

கோர்களுக்கு அது கேட்டது. ஐந்தாவது பக்கத்தில் இருந்த நான்காவதிடம் மெல்லக் கேட்டது: "அணைச்சா வலிக்குமா?"

"தெரியலையே," என்றது நான்காவது. "பயப்படாதே. நான் ஒட்டித்தானே இருக்கேன்."

மெஹருன்னிசா மற்ற எட்டையும் தூங்க வைத்துவிட்டு, ஐந்தாவதற்கு மட்டும் அதே பங்கைக் கொடுத்தார். அது யாரையும்விட வேகமாக முடித்தது. அவர் மறுபடியும் கொடுத்துப் பார்த்தார். மறுபடியும் அப்படித்தான்.

தேவசகாயம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெப்ப அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாலு பக்கத்துச் சூடும் இது மேலதான் இறங்குது," என்றார். "சூடு கூடினா வேகத்தைக் குறைச்சுக்கணும்னு நாங்கதான் சொல்லி வச்சிருக்கோம். நடுவுல வச்சதும் நாங்கதான்."

"எல்லாரையும் ஒரே நேரத்துல ஓட வச்சது நான்," என்றார் மெஹருன்னிசா.

இருவரும் சேர்ந்து நிரலைத் திருத்தினார்கள். இனி ஐந்தாவதைச் சுற்றியுள்ள நான்கும் முறை வைத்து ஒவ்வொன்றாக ஓய்வெடுக்கும். மறுநாள், மாலை வரை இழுக்கும் மழைக் கணக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. ஆற்றங்கரை ஊர்களுக்குத் தகவல் சொல்ல அரை நாள் கூடுதலாகக் கிடைத்தது. தேவசகாயம் நிறுவனத்துக்கு எழுதினார்: ஒன்பதும் இருக்கட்டும்.

அன்று முதலில் ஓய்வு கிடைத்தது இரண்டாவதற்கு. ஓடும்போது தன் சூடு தவிர வேறெதுவும் அதற்குத் தெரிந்ததில்லை. இப்போது சும்மா இருந்தபோது, பக்கத்திலிருந்து வெப்பம் வந்து அதன்மேல் மோதியது. அது திடுக்கிட்டது.

"ஐந்தாவதே, இது உனக்கு நாலு பக்கமும் இருந்துதா?"

வேலையை நிறுத்தாமலே ஐந்தாவது சொன்னது:

"இப்ப மூணு பக்கந்தான்."