உப்புத் தண்ணீரில் முட்டை

மாட்டுச் சந்தையில் முப்பது வருஷம் தரகு பார்த்த மாசாணம், ஐம்பத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேலம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். வேலம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

"மனசு லேசானா காவி தாரேன்" என்று அன்றைக்கு வேலம்மை சொல்லியிருந்தார்.

மூன்று வருஷம் கழிந்தது. வேலம்மை விதைநெல் ஊறப்போடும் காலையில் மாசாணம் எதிரே போய் நின்றார்.

"லேசாயிட்டேன் தாயி. காவியைத் தாங்க."

"லேசுன்னா என்ன அண்ணாச்சி?"

"கோவம் வாரதில்ல. இங்க வந்தபிறகு ஒருத்தனைக்கூட வையல. என் தம்பி என் வயலுக்கு வார வாய்க்காலை மறிச்சான்லா, அதுகூட இப்போ உள்ள கனக்கல. பஞ்சு மாதிரி கிடக்கேன்."

"தம்பிகிட்ட பேசினீகளா?"

"அவன் மூஞ்சில முழிச்சாத்தான பேச."

வேலம்மை அண்டாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார்.

"மடத்துல முட்டையா தாயி?"

"திங்கவா கொண்டாந்தேன்? பக்கத்து வீட்டுது. திருப்பிக் கொடுக்கணும்."

தண்ணீரில் விட்டதும் முட்டை அடியில் போய்ப் படுத்தது.

"உப்பைப் போட்டுக் கலக்குங்க. முட்டை மேல வரணும். அப்பத்தான் நெல்லைக் கொட்டினா பதர் மிதக்கும்."

மாசாணம் உப்பைக் கை கையாக அள்ளிப் போட்டுக் கலக்கினார். முட்டை மெல்ல எழும்பித் தலையைக் காட்டியது.

"முட்டை லேசாயிட்டோ?" என்று கேட்டார் வேலம்மை.

"அதெப்படி? அதே முட்டைதான. தண்ணியில்லா கனத்திருக்கு. இதுகூடத் தெரியாமலா..."

மாசாணம் பாதியில் நிறுத்தினார். மடத்து முற்றத்தைப் பார்த்தார். பறித்து வைத்த கீரை. மெதுவாகப் பேசும் நாலு பேர். மூன்று வருஷமாக அவரை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்போ மூணு வருஷமும் வீணா?" குரல் சந்தைக்குப் போய்விட்டது. "சரி, இன்னும் ஒரு வருஷம் இருக்கேன். ரெண்டு வருஷம்னாலும் இருக்கேன். பேசி முடிங்க."

"இங்க இருந்தா ஆகாது."

"எங்கன்னு சொல்லுங்க. வாங்காம நான் விடமாட்டேன்."

வேலம்மை கொடியில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாங்க அண்ணாச்சி. அங்க உங்களுக்காக யாரும் தண்ணியில உப்புக் கலக்க மாட்டாக."