நெஞ்சுக்குள் போன கூழ்

முன்பொரு காலம், நடுவே ஆறு ஓடும் ஒரு நாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். வடகரையில் அரண்மனையும் மாளிகைகளும். தென்கரையில் உழவர்களும் செம்படவர்களும் வாழும் குடிசைகள். அந்த நாட்டு ஏரி, வாய்க்கால்களுக்குப் பொறுப்பான மந்திரி அருமொழியார். முன்கோபக்காரர்தான், ஆனால் மனதில் கள்ளமில்லாதவர்.

ஒரு நாள் சபையில் பிரதாபராயர் எழுந்தார். அருமொழியாரின் பதவியைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர நெடுநாளாகக் காத்திருந்த மந்திரி அவர்.

"அரசே! நாற்று நடும் வேளையில் தென்கரை வாய்க்காலை அடைத்துவிட்டார் அருமொழியார். தென்கரை மக்கள் என்றாலே இவருக்கு இளக்காரம். அவர்களை மனிதராகவே மதியாத துவேஷி இவர்!"

அருமொழியாரின் முகம் சிவந்தது. "கரை விரிசல் விட்டிருக்கிறது, அரசே. தண்ணீர் திறந்தால் உடைந்து ஊரே மூழ்கும். அடைத்தது தவறென்றால் தண்டியுங்கள். துவேஷி என்ற பழிச்சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியாது."

"எந்தத் துவேஷிதான் ஒப்புக்கொண்டான்?" என்றார் பிரதாபராயர். சபை சிரித்தது. மறுக்க மறுக்க அந்தச் சொல் அருமொழியார்மேல் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பது ராஜாவின் பிடிவாதம். "வாதம் போதும். நாளை உச்சிப்பொழுதுக்குள் உம் நெஞ்சைத் திறந்து எமக்குக் காட்டும். இயலாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வையும்" என்றார்.

அருமொழியார் ஆற்றுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். ஒருவேளை தனக்கே தெரியாமல் அப்படி ஏதும் உள்ளே இருக்கிறதோ என்றுகூட யோசித்துப் பார்த்தார். சபையின் விகடகவி சாத்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"திருடன்னு சொல்லியிருந்தா வீட்டைச் சோதனை போடச் சொல்லியிருப்பேன், சாத்தா. இதுக்கு எதைத் திறந்து காட்டுறது?"

"உள்ளே போய்ப் பார்க்க ஓர் ஆளை அனுப்பினாப் போச்சு, ஐயா. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க, அது போதும்."

மறுநாள் சாத்தன் சபைக்குள் நுழைந்தபோது, அவன் பின்னால் தலையில் மண்பானையோடு ஒருத்தி வந்தாள். தென்கரைத் துறையில் கம்பங்கூழ் விற்கும் இருளாயி.

"அரசே, நெஞ்சுக்குள் சென்று பார்த்துவர ஓர் ஒற்றரைக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் பானைக்குள் இருக்கிறார். தொண்டை வழியே நேரே நெஞ்சில் இறங்குவார். தென்கரை மேல் வெறுப்புள்ள நெஞ்சென்றால் வழியிலேயே அடைத்துக்கொள்வார்."

இருளாயி கலயத்தில் கூழை ஊற்றி, ஒரு வெங்காயத்தோடு நீட்டினாள். நல்ல பசி. அருமொழியார் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெங்காயத்தைக் கடித்தபடி கலயத்தை மறுபடி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. உப்புதான் சித்தே தூக்கல்."

சாத்தன் பிரதாபராயர் பக்கம் திரும்பினான். "தென்கரைக்காக உருகிய நெஞ்சு இன்னொன்று இங்கே இருக்கிறதே! ஒற்றர் அங்கேயும் போய்வரட்டும்."

"எமக்கு இன்று விரதம்" என்றார் பிரதாபராயர்.

"வாயில் வெற்றிலை இருக்கிறதே, ஐயா?"

"குடியும்" என்றார் ராஜா.

பிரதாபராயர் பட்டு உத்தரீயத்தின் நுனியால் கலயத்தைப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனதும் குமட்டியது. "யார் யார் கை பட்டதோ..." என்று முணுமுணுத்தார். சபை முழுவதும் கேட்டது. கலயம் நழுவி விழுந்து உடைந்தது.

இருளாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "என் கை பட்டதுதான், சாமி. வாய்க்காலை அடைச்ச மந்திரி மேல எங்களுக்குக் கோவம் இருக்கு. நாத்து காயுதே! கரையில வச்சு நான் சண்டை போட்டேன். அவரும் சரிக்குச் சரி நின்னு சண்டை போட்டாரு. எங்கள ஒரு ஆளா மதிக்காதவரு சண்டை போடுவாரா? எங்களப் பத்தி இம்புட்டுப் பேசுனீங்களே, எங்கள யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ராஜா தலை குனிந்தார்.

சாத்தன் இன்னொரு கலயத்தை ராஜாவிடம் நீட்டினான். ராஜாவின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"ஐயோ, ஒற்றர் நெஞ்சுக்குப் போகாமல் அரசரின் மீசையிலேயே தங்கிவிட்டாரே!" என்றான் சாத்தன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தனுக்குப் போட்டார். "மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும், அருமொழியாரே. அரண்மனை ஆட்கள் எல்லோரும் இன்றே கரையைக் கட்டப் போகட்டும். வேலை முடியும்வரை பிரதாபராயர் தென்கரையிலேயே தங்கட்டும். சாப்பாடு இருளாயியின் கூழ்!"

அருமொழியார் வெளியே வந்தார். வாசலில் இருளாயி காத்து நின்றாள்.

"எப்பய்யா தண்ணி விடுவீங்க?"

"கரையைக் கட்டி முடிக்கட்டும்மா."

"இதத்தான் போன வாரமும் சொன்னீங்க!"

"போன வாரம் ஆள் ஏது?"

துறை வரைக்கும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். சபைக்குள் ராஜா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.